ஆறாம் வருஷத்துக் கடன்

டிங்கமன் வட்டி வாங்காதவன். இது எங்கே உங்கள் காதுக்கு வராமல் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். உயிரோடு இருந்தவரை அவனே அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யார் வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்தாலும், இரண்டாவது கோப்பைக்குள் பேச்சு அங்கே வந்து நின்றுவிடும். "கூஸ் பட்டணத்து வங்கிக்காரன் நூத்துக்கு ஆறு வாங்கறான். சாராயக்கடைக்காரன் பத்து வாங்கறான். நான் என்ன வாங்கறேன்? என் நூறத்தானே வாங்கறேன்?" என்பான். கேட்டவர்கள் காப்பியைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப்பேர் அவனுக்குக் கடன்காரர்கள்.

டச்சு நாட்டுச் சீலாந்தில், கடலணைக்கு உள்ளே அடங்கிய அந்தத் தீவில், அவனுக்கு எண்பது ஏக்கர் களிமண் நிலம், ஆறு குதிரை, பதினோரு கறவை. தேவாலயத்தில் மூப்பர் பெஞ்சில் முதல் இடம். நிலம் அப்பன் வழி வந்தது, புத்தி அம்மா வழி வந்தது. அம்மாவைப் பெற்ற கிழவர் செத்தபோது, எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக்கூட உயிலில் பங்கு பிரித்து எழுதியிருந்தார்: மூத்த மகளுக்கு ஏழு, இளையவளுக்கு ஆறு. இளையவள்தான் டிங்கமனின் தாய். அந்த ஒரு துண்டுக்காக அவள் அக்காளோடு சாகும்வரை பேசவில்லை. அந்த வயிற்றில் பிறந்தவன் இவன்.

அவன் கடன் கொடுத்ததெல்லாம் மோசேயின் சட்டப்படி. ஊரார் அவனுக்கு மோசே என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். சட்டத்தில் என்ன இருக்கிறது? சகோதரனிடம் வட்டி வாங்காதே. இவன் வாங்கவில்லை. அடமானம் வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே எடுத்துவந்து தரட்டும். இவன் வெளியே நின்றான். எப்படி நின்றான்? வேலி ஓரமாக, கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, அரை மணி, முக்கால் மணி நேரம் நின்றான். தெருவில் அத்தனை ஜன்னலிலும் திரைச்சீலை அசையும். "உள்ள வந்து நாலு திட்டு திட்டிட்டுப் போனாக்கூடத் தேவலையே" என்று பெண்கள் அடுப்படியில் நின்று அழுவார்கள். அவனோ பொறுமையே உருவாக நிற்பான்.

இசாக் என்று ஒருவன், சிப்பி அள்ளும் படகில் கூலி. பதினைந்து கில்டர் வாங்கினான். அடமானம் வைக்க அவன் வீட்டில் ஒரு கம்பளிப் போர்வையைத் தவிர ஒன்றும் இல்லை. ஏழையின் போர்வையைச் சூரியன் அடைவதற்குள் திருப்பிக் கொடு என்பது சட்டம். டிங்கமன் கொடுத்தான். ஜனவரி மாதம், தினமும் நாலரை மணிக்குப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் கொடுப்பான். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலியோரம் நின்று திரும்ப வாங்கிக்கொண்டு வருவான். ஓய்வுநாளில் மட்டும் போகமாட்டான். "ஞாயித்துக்கெழம போர்வைக்கும் லீவு" என்று படகில் சிரிப்பார்கள். மூன்றாவது வாரம் இசாக் சாராயக்கடைக்காரனிடம் வட்டிக்கு வாங்கி இந்தக் கடனை அடைத்தான். "வட்டி கட்டறேன்தான், ஆனா காலையில எந்திரிச்சதும் அந்த மூஞ்சியப் பார்க்க வேண்டியதில்ல" என்றான்.

பிறகு ஏழாம் வருஷம். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பதும் சட்டம். அப்பன் கண்ணை மூடிய மறுவருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழிலிருந்து, டிங்கமன் ஏழேழாக எண்ணிக்கொண்டு வந்தான். முதல் ஐந்து வருஷம் யார் கேட்டாலும் கொடுப்பான். ஆறாம் வருஷம் வந்ததும் அவன் பீட்கிழங்குக்கு விலை விழுந்துவிடும், குதிரைக்கு நோய் வந்துவிடும், கையில் காசே இருக்காது. ஏழாம் வருஷம் முழுக்க வேலி வேலியாக நின்று வசூல் பண்ணுவான். வருஷம் முடியும்போது விட்டுக்கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. மூன்று ஏழு வருஷத்தில் அவன் விட்டுக்கொடுத்த மொத்தக் கடன் இரண்டரை கில்டர். அதுவும் வாங்கினவன் வாரிசு இல்லாமல் கடலில் செத்துப்போனதால். அந்த இரண்டரை கில்டரை அவன் மூப்பர் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தான்.

கொடுத்தது திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல் கொடு என்றல்லவா இயேசு சொன்னார் என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தான். "அது அன்பு. அன்பு பரலோகத்துச் சரக்கு. இங்க பூமியில சட்டம்தான் மனுஷன நிமித்தி நிறுத்தும். சும்மா கொடுத்தா சோம்பேறியாயிடுவான்." அன்பு வேண்டுமென்கிறவர்கள் ஏழைகளுக்குச் சபைப் பணத்தைப் பங்கிடுகிற தர்மக்காரர்களிடம் போகலாம், அதற்குத்தான் காணிக்கைப் பை சுற்றி வருகிறது என்பான். அந்தப் பையில் அவன் போட்ட காசு விழுகிற சத்தத்தைக் கேட்டவர் யாரும் இல்லை.

அவன் மனைவி தன்னா. இந்தக் கதை நடந்தபோது அவனோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருந்தவள். இரண்டு பெண்கள், இருவரும் அக்கரைத் தீவில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் அவனை என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், நேர்மையான மனுஷனின் பெண்டாட்டி என்ற பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. கடைக்காரி முதலில் அவளுக்குத்தான் சாமான் கட்டுவாள். சட்டத்தில் இருப்பதைத்தானே செய்கிறார் என்று அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? பெண்கள் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிற வெள்ளிக் கொக்கி போட்ட சின்னப் புத்தகத்தில் சங்கீதமும் புதிய ஏற்பாடும்தான் இருக்கும். மோசேயின் சட்டம் பெரிய வேதப் புத்தகத்தில் இருந்தது. அது டிங்கமனின் நாற்காலிக்கு மேல் பலகையில் இருந்தது. அவனைத் தவிர யாரும் தொடுவதில்லை.

மூன்று வேளையும் சாப்பாடு முடிந்ததும் அவன் அதை இறக்குவான். வேளைக்கு ஓர் அதிகாரம், வரிசை மாறாமல், ஒன்றையும் விடாமல். வம்ச அட்டவணை வந்தால் வம்ச அட்டவணை, குஷ்டரோகம் வந்தால் குஷ்டரோகம். வேலைக்காரர்கள் தொப்பியை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் முன்னே பின்னே, முதல் புத்தகமான ஆதியாகமத்துக்குத் திரும்பி வந்துவிடுவான். மோசேயின் சட்டம் வருகிற உபாகமத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு இருமல் வரும். ஒரு வாய் மோர் குடித்துவிட்டுத் தொடருவான். களிமண் ஈரம், நெஞ்சுச் சளி என்று தன்னா நினைத்துக்கொள்வாள்.

டிங்கமனுக்கு ஒரே தம்பி, கிரைன். பாகத்தில் கிடைத்த பத்து ஏக்கரை அண்ணனுக்கே விற்றுவிட்டு, அணையோரம் சின்ன வீட்டில் இருந்தான். விளையாட்டுப் புத்தி, பாட்டுக்காரன், முப்பத்தெட்டு வயதில் நிமோனியாவில் போனான். அவன் பெண்டாட்டி பவ்லீனாவுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு மாடு. வெண்ணெய் விற்று ஐந்து வருஷம் ஓட்டினாள். யாரிடமும் போய் நின்றதில்லை. நாக்கு மட்டும் நீளம். தன்னாவுக்கும் அவளுக்கும் ஆகாது. "பெரிய வீட்டு அக்கா தொப்பிக்குக் கஞ்சி போடற கஞ்சியில என் பிள்ளைங்க ஒரு வேளை சாப்பிட்டுடும்" என்று அவள் சொன்னது தன்னா காதுக்கு வந்திருந்தது.

முப்பத்து மூன்றாம் வருஷம் மே மாதம், பனி ஈரத்தோடு குளோவர் புல்லைத் தின்று அந்த மாட்டுக்கு வயிறு ஊதிவிட்டது. வைத்தியக்காரன் வருவதற்குள் செத்துப்போனது.

மூன்றாம் நாள் சபையின் அன்பு அவள் வீட்டுக்கு வந்தது. யோசியாஸ் என்கிற தர்மக்காரர் உருவத்தில், கையில் நோட்டோடு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெப்பர்மின்ட் கொடுத்துவிட்டு, வீட்டில் இருப்பதை எழுத ஆரம்பித்தார்: கட்டில் இரண்டு, சுவர்க்கடிகாரம் ஒன்று, செம்புக் கெண்டி ஒன்று, செத்துப்போனவனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு ஒன்று.

"அன்புக்கு எதுக்குங்க பேனா?" என்றாள் பவ்லீனா.

"கணக்கில்லாம கொடுத்தா ஒழுங்கு கெட்டுப்போகும் தங்கச்சி. வாரம் மூணு கில்டர், குளிர்காலத்துக்குக் கரி. நீ கண்ண மூடினப்புறம் சாமான் சபைக்கு. அதுவரைக்கும் ஒரு கரண்டியக்கூட விக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"பையன்?"

"பன்னண்டு வயசானதும் எந்தப் பண்ணையில விடறதுன்னு நாங்க பார்த்துக்கறோம். உனக்கு அந்தக் கவலையே வேண்டாம்."

அவ்வளவுதான் என்றாலும் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, அது ஊருக்கே தெரியும். தர்மம் வாங்குகிறவர்களுக்குத் தேவாலயத்தில் பிரசங்க மேடைக்குக் கீழே தனிப் பெஞ்சு. சபையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். அறுநூறு கண்ணும் அன்போடு பார்க்கும்.

பவ்லீனா திங்கட்கிழமைவரை தவணை கேட்டாள். மாட்டு வியாபாரி ஒருவன் தொண்ணூறு கில்டருக்கு ஒரு கறவையைச் சனிக்கிழமைவரை அவளுக்காக நிறுத்திவைத்திருந்தான். தொண்ணூறு கிடைத்தால் அவள் வீடு அவளுடையது. கிடைக்காவிட்டால் பெஞ்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல், அவள் டிங்கமனின் முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தாள்.

அவள் கெட்ட நேரம், அது ஆறாம் வருஷம். அவன் கெட்ட நேரம், அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவன் சந்தைக்குப் போன கையோடு மொத்தப் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் ஒவ்வொரு தடவையும் காசு. மொத்தமாகப் பிடுங்கினால் மலிவு. இரண்டு கன்னமும் வீங்கி, தாடைக்குக் கீழிருந்து உச்சிவரை துணி கட்டி, மோர்க்கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு கிடந்தான். வாயில் வார்த்தை வரவில்லை. பேச வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினான்.

"அத்தான், தொண்ணூறு கில்டர். மாட்டையே அடமானம் எழுதித் தர்றேன். வெண்ணெய் வித்து அடச்சிடுவேன், உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

சிலேட்டில் எழுதினான்: பீட் விலை இல்லை.

"பீட் இன்னும் மண்ணுக்குள்ளதானே இருக்கு அத்தான்? மே மாசம் எவன் விலை வச்சான்?"

அழித்துவிட்டு எழுதினான்: கையில் இல்லை.

"சரி, அறுபது கொடுங்க. மீதிக்கு நான் வேற வழி பார்க்கறேன்."

அழித்தான், எழுதினான்: கையில் இல்லை.

"அதையேதான் எழுதப்போறீங்கன்னா எதுக்கு அழிக்கறீங்க? பலப்பம் தேயுதே" என்றாள் பவ்லீனா.

அவன் துணிக்குள்ளிருந்து ஏதோ உறுமினான். அந்த நேரம் பார்த்து வேலைக்காரர்கள் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தார்கள். சாப்பாட்டு வேளையில் வந்த சொந்தக்காரியை நிற்கவைத்து அனுப்புவது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. தன்னா ஒரு தட்டை நகர்த்தி வைத்தாள். உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்புக் குழம்பும். பவ்லீனா ஒரு கிழங்கைத் தின்று முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

டிங்கமனுக்கு வாய் போனதிலிருந்து வேதம் வாசிப்பது தன்னாவின் வேலையாகியிருந்தது. குதிரைக்காரன் லேன் நன்றாக வாசிப்பான்தான், ஆனால் அந்தப் புத்தகத்தை வேலைக்காரன் கையில் கொடுக்க டிங்கமனுக்கு மனமில்லை. பொம்பளை பரவாயில்லை என்று நினைத்தான். செவ்வாய் ராத்திரியிலிருந்து அவள் விரலை ஓட்டி ஓட்டி, பதினொரு வயதோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, வேளைக்கு ஓர் அதிகாரம் வாசித்துவந்தாள். அன்று காலையில் தின்னத் தகுந்த பறவை, தகாத பறவை. மத்தியானம் அடுத்தது.

அடுத்தது என்ன என்று டிங்கமனுக்கு அவள் புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. கை நீட்டினான். வேண்டாம், இங்கே கொடு என்று சைகை காட்டினான். வலிக்கிறது போலிருக்கிறது என்று தன்னா மோர்க்கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

ஏழாம் வருஷ முடிவில் விடுதலை. சகோதரனிடம் கேட்டு நெருக்கக் கூடாது. ஏழைக்கு எதிராகக் கையை மூடக் கூடாது. இவ்வளவும் அவள் கேட்டுப் பழகியவை. பிறகு இருமல் வருகிற இடம் வந்தது. இருமுகிறவன் வாசிக்கவில்லை, ஆகையால் இருமல் இல்லை. அங்கே ஒரு வசனம் இருந்தது. ஏழாம் வருஷம் கிட்டே வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் கெட்ட எண்ணம் வைத்துக்கொண்டு, கேட்டுவந்த ஏழையை வெறுங்கையாக அனுப்பிவிடாதே, எச்சரிக்கை. அவன் கடவுளைப் பார்த்து முறையிட்டால் அது உன்மேல் பாவமாகும் என்று அது சொன்னது.

தன்னா நிறுத்தினாள். விரலை எடுக்காமல் மறுபடியும் முதலிலிருந்து அந்த வசனத்தை வாசித்தாள், இந்தத் தடவை மெதுவாக.

குதிரைக்காரன் லேன் தொண்டையைச் செருமினான். "அம்மா, தப்பா நெனக்காதீங்க. பதினாலு வருஷமா இந்த மேஜையில உக்காந்து கேக்கறேன். இது புதுசா இருக்கே."

"எனக்கு இருபத்திரண்டு வருஷமா லேன்" என்றாள் தன்னா.

டிங்கமன் சிலேட்டை இழுத்து எழுதினான்: அது அந்தக் காலத்து யூதருக்கு.

தன்னா அதை மேஜைக்கே கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "அப்படிங்களா? வட்டி வாங்காதேன்னது யாருக்குங்க? வேலிக்கு வெளிய நில்லுன்னது? இசாக்கு போர்வை? அதெல்லாம் நமக்கு, இது ஒண்ணு மட்டும் அவங்களுக்கா?"

அவன் அழித்தான். இந்தத் தடவை நிறைய நேரம் எழுதினான்: சட்டத்தைவிட அன்பு பெரியது. யோசியாஸிடம் நானே பேசுகிறேன். சபை அன்பாகப் பார்த்துக்கொள்ளும்.

பவ்லீனா சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை. "அத்தான், உங்க கோட்டுல ரெண்டு பாக்கெட்டுங்க. அன்புன்னு கேட்டா சட்டப் பாக்கெட்டுல கைய விடறீங்க, சட்டத்தக் காட்டினா அன்புப் பாக்கெட்டுல. பணம் எந்தப் பாக்கெட்டுல இருக்குன்னு உங்க அம்மாவுக்குத்தான் தெரியும்."

டிங்கமன் சிலேட்டைத் தள்ளி வைத்தான். கைகளைக் கோத்து, கண்ணை மூடினான். சாப்பாட்டுக்குப் பின் ஜெபம். வாயில்லாததால் நாலு நாளாக அது மௌன ஜெபம். அவன் முடிவில் ம்ம் என்றால் எல்லாரும் ஆமென். எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஜெபத்தின் நடுவில் அந்தத் தீவில் யாரும் எழுந்ததில்லை. ஒரு வீட்டில் வைக்கோல் போர் தீப்பிடித்தபோதுகூட ஆமென் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்கினார்கள். அவன் கணக்கு இதுதான்: ஜெபத்தை நீட்டினால் லேன் உழவுக்குப் போகிற நேரம் வந்துவிடும், எல்லாரும் அவசரமாக எழுவார்கள், இவளும் போய்விடுவாள். கடவுளையும் கதவு மாதிரி சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்தவன் அவன்.

நீட்டினான். கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

தன்னா கண்ணைத் திறந்தாள். மூடின கண்களோடு உட்கார்ந்திருந்த அந்த வீங்கின முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். இந்த முகத்துக்காகவா இத்தனை வருஷம் தொப்பிக்குக் கஞ்சி போட்டுத் தலை நிமிர்ந்து நடந்தோம் என்று நினைத்தாள். அவன்மேல் வந்த அருவருப்பில் பாதி தன்மேலும் வந்தது. மரச்செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். பவ்லீனாவின் தோளைத் தொட்டாள்.

தொழுவத்தில் கதவுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைத்தலைக்காரியை அவிழ்த்தாள். இரண்டாம் ஈற்று, வீட்டிலேயே நல்ல கறவை.

"அக்கா, அந்த ஓரத்துக் கிழட்டு மாடு போதும்" என்றாள் பவ்லீனா.

"கழிச்சதக் கொடுத்துட்டு ராத்திரி தூக்கம் வருமா? இதப் புடி."

முற்றம் செங்கல் பாவியது. மாட்டுக் குளம்பு அதில் டக் டக்கென்று விழுந்தது. உள்ளே மேஜையில் அத்தனை பேருக்கும் கேட்டது. டிங்கமனுக்கும் கேட்டது, லேன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்ததாகப் பிற்பாடு கொல்லன் பட்டறையில் சொன்னான், எசமானின் காது மடல் மட்டும் சிவந்துகொண்டே போயிற்றாம். ஆனால் மாட்டுச் சத்தம் கேட்டு ஜெபத்தை முடித்தால், எதற்காக ஜெபித்தான் என்று தெரிந்துபோகுமே! அவன் கண்ணைத் திறக்கவில்லை. குளம்புச் சத்தம் வாசலைத் தாண்டி, மண் பாதையில் இறங்கி, அடங்கிப்போகும்வரை கடவுளோடு பேசினான். ம்ம் என்றபோது மாடு அணைமேல் ஏறிவிட்டிருந்தது.

அணைமேல் காற்று பலமாக அடித்தது. பவ்லீனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள்.

"இது கடனா அக்கா, தர்மமா? எனக்குத் தெரியணும்."

"மாடு" என்றாள் தன்னா. "பால் கறக்கும்."

"உங்களுக்கு என்னைப் புடிக்காதே."

"இப்பவும் புடிக்கல. மாட்ட இழுக்காத, அது பாட்டுக்கு வரும்."

திங்கட்கிழமை யோசியாஸ் நோட்டோடு வந்தபோது பவ்லீனா வாசலிலேயே அவருக்கு ஒரு கோப்பை பால் கொடுத்து அனுப்பினாள்.

புதுப் பல் வந்து சேர்ந்ததும் டிங்கமன் பேசின முதல் வார்த்தை, "எழுதி வாங்கினியா?" தன்னா, "எதை?" என்றாள். போய் மாட்டைப் பிடித்துவர அவனுக்குத் தைரியம் இல்லை. பட்டறையில் ஆரம்பித்த கதை படகுத்துறைவரை போயிருந்தது. அவன் தெருவில் நடந்தால் சிப்பிக்காரர்கள் கண்ணை மூடிக் கைகோத்து நின்றார்கள்.

ஆனால் அப்படிப்பட்டவர்கள் அழிந்துபோவதில்லை, வேறு வாசல் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் ஏழாம் வருஷம். டிசம்பர் கடைசியில், மூப்பர் கூட்டத்தில் எழுந்து நின்று, சட்டப்படி தன் தம்பி விதவைக்கு நூற்று நாற்பது கில்டர் கடனை விடுதலை பண்ணினதாக அறிவித்தான். மாட்டுக்கு அவன் போட்ட விலை அது. போதகர் கையைக் குலுக்கினாராம். போதகரின் மனைவி சொல்லித்தான் தன்னாவுக்கே தெரியும். தன்னா வீட்டுக்கு வந்து அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனோடு பேசுவதை அவள் அதற்குள் வெகுவாகக் குறைத்துவிட்டிருந்தாள். சாப்பாடு, மழை, கோழி, அவ்வளவுதான்.

பவ்லீனாவுக்கும் செய்தி போயிற்று. அவள் இரண்டரை வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கன்று விற்றாள், வெண்ணெய் விற்றாள், பிள்ளைகளுக்கு ஒரு குளிர்காலம் புதுச் செருப்பு வாங்கவில்லை. முப்பத்து ஏழில், ஒரு சனிக்கிழமை காலையில், முற்றத்துக்கு வந்தாள். டிங்கமன் வண்டிச் சக்கரத்துக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. தன்னா உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், நூத்து நாப்பது. பதினாலு பத்து. எண்ணிக்குங்க."

"என்ன இது பவ்லீனா? அதத்தான் நான் விட்டுட்டேனே. விடுதலை பண்ணினதத் திரும்ப வாங்கறது பாவம்மா."

"அப்ப வாங்காதீங்க. நான் உங்ககிட்ட வாங்கவே இல்ல, நீங்க விடறதுக்கு. உங்க வாயால விடுதலையானவன்னு பேரோட நான் சாக மாட்டேன். இங்க வச்சுட்டுப் போறேன். சட்டம் பெருசுன்னா அப்படியே கிடக்கட்டும்."

வண்டிப் பலகையில் நோட்டுகளை வைத்து, மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "வர்றேன் அக்கா" என்றாள். போய்விட்டாள்.

டிங்கமன் சக்கரத்துக்குத் திரும்பினான். கொழுப்புத் தடவினான். தடவின சக்கரத்துக்கே மறுபடியும் தடவினான். எழுந்து தொழுவத்துக்குப் போனான், வெறுங்கையோடு வெளியே வந்தான். பாதையை எட்டிப் பார்த்தான், அணையைப் பார்த்தான். செங்கல்லைக் கொஞ்சம் தூக்கி, நோட்டின் ஓரங்களை விரலால் எண்ணிவிட்டு, திரும்ப வைத்தான். தன்னா உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள், அடுத்ததை எடுத்தாள்.

கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. முதல் சொட்டு செங்கல்லின் மேல் விழுந்தது. அவன் வானத்தைப் பார்த்தான். இரண்டாவது சொட்டு, மூன்றாவது.

"நனஞ்சு போயிடுமே" என்றான், பக்கத்தில் யாரும் இல்லாதபோதே, சத்தமாக.

உள்ளே வந்தபோது தோளெல்லாம் ஈரம். தன்னாவைப் பார்க்காமல் அடுப்புக்குப் போய், சூடான தகட்டின் ஓரத்தில் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினான். பதினான்கும் கொள்ளவில்லை, நடுவிலும் வைக்க வேண்டியதாயிற்று.

தன்னா கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்றாள்.

"சட்டி வைக்கணும். எடுங்க."

"இன்னும் காயல தன்னா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, அவன் குனிந்து அவற்றின்மேல் ஊதினான்.